மதுப்பழக்கமும் பொதுப் பாதுகாப்பும்: இரண்டு நாள் பயிற்சியிற் கண்டவை

சென்ற ஐப்பசி மாதத்தில் எங்கள் மாவட்டத் தலைநகரில் இரண்டு நாள் பயிற்சி ஒன்று நடைபெற்றது. போலீஸ் நிலைய எழுத்தர்கள், ஏட்டுகள், கிளைச் சிறைக் காவலர்கள், நன்னடத்தை அலுவலர்கள், கிராம நிர்வாக அலுவலர்கள், கிராம சுகாதாரச் செவிலியர்கள், சட்ட உதவித் தொண்டர்கள் என ஐம்பது அறுபது பேர் கூடியிருந்தனர். மதுவும் பிற போதைப் பொருள்களும் மனிதனை என்ன செய்கின்றன, அத்தகைய மனிதன் தம் கைக்கு வரும்போது தாம் என்ன செய்ய வேண்டும் என்பதை இவர்களுக்குச் சொல்லித் தருவதே பயிற்சியின் நோக்கம். கூட்டுறவுத் துறையிலிருந்து இருவர் சென்றிருந்தோம். உத்தரவைக் கையில் வாங்கியபோது என் சக ஆய்வாளர், "கடன் வசூலுக்கும் சாராயத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார். அவருக்கு நான் மறுமொழி கூறவில்லை. எனக்குச் சம்பந்தம் உண்டு. அதைச் சொல்லாமல் இக்கட்டுரையை எழுதுதல் நேர்மையாகாது.

ஏழாண்டுகளுக்கு முன் என் சரகத்துத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றின் நியாய விலைக் கடையில் விற்பனையாளர் ஒருவர் இருந்தார். ஊரையும் பெயரையும் விட்டுவிடுகிறேன். அவர் மனைவி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தினர். வீட்டு முன்கட்டில் குழித்தறி. சங்கத்திலிருந்து பாவு வாங்கி, நெய்து கொடுத்து, கூலி பெற்று அந்த அம்மையார்தாம் குடும்பத்தை நடத்தி வந்தார். நான் கடையைப் பார்வையிடச் சென்ற நாட்களில் மூன்று முறை, "கடை தாமதமாகத் திறக்கப்படுகிறது" என்று பதிவேட்டில் எழுதியிருக்கிறேன். எடை போடும்போது அவர் கை நடுங்கியதையும் கண்டிருக்கிறேன். அதை எழுதப் பதிவேட்டில் கட்டம் இல்லை, ஆகையால் எழுதவில்லை. சங்கத்துக் காரியதரிசி மட்டும் ஒரு நாள் சிரித்துக்கொண்டே, "காலையில் ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் சார் அவன் கை நிற்கும்" என்றார். நானும் சிரித்தேன்.

பிறகு இருப்பெடுத்தபோது மூன்று மூட்டை அரிசியும் அரை மூட்டைச் சர்க்கரையும் குறைந்தன. விதிப்படி புகார் எழுதிக் கொடுத்தவன் நான். வெள்ளிக்கிழமை காலையில் அவரைக் கைது செய்து, மாலையில் மேஜிஸ்ட்ரேட் முன்னிலையில் நிறுத்தி, கிளைச் சிறையில் அடைத்தனர். சனிக்கிழமை உடல் நடுங்கி வேர்த்துக் கொட்டியது. அன்றிரவு வலிப்பு வந்தது. ஞாயிறன்று சுவர் முழுதும் எறும்பு ஊர்வதாகக் கூச்சலிட்டு, அவற்றைத் துடைத்துக்கொண்டே இருந்தாராம். ஜாமீனுக்காக நடிக்கிறான் என்றே காவலில் இருந்தோர் கருதினர். திங்கட்கிழமை நினைவு தப்பிய பின்னரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றனர். உயிர் பிழைத்தார். ஆனால் அன்று முதல் நேற்று நடந்தது இன்று அவருக்கு நினைவில் தங்குவதில்லை. நான் அவர் வீட்டுக்குச் செல்லும்போதெல்லாம் எழுந்து நின்று, "சார், இருப்பெடுக்க வந்தீர்களா?" என்று கேட்பார். பத்து நிமிஷம் கழித்து மறுபடியும் அதையே கேட்பார்.

பயிற்சியின் முதல் நாள் முற்பகலில் அரசு மருத்துவமனை மனநல மருத்துவர் ஒருவர் பேசினார். அவர் கரும்பலகையில் ஒரு கோடு கிழித்து, கடைசியாகக் குடித்த நேரத்தை அதன் தொடக்கத்தில் குறித்தார். பல்லாண்டு நாள் தவறாமல் குடித்து வந்தவர் திடீரென்று நிறுத்தினால், ஆறு மணி முதல் இருபத்துநான்கு மணிக்குள் கைந்நடுக்கம், வேர்வை, படபடப்பு, உறக்கமின்மை ஆகியவை தோன்றும். நாற்பத்தெட்டு மணிக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முடிவிலிருந்து நான்காம் நாள் வரையில் சிலருக்குச் சித்தப் பிரமை உண்டாகும். இல்லாத பூச்சிகளையும் ஆட்களையும் காண்பார்கள், இடமும் நேரமும் தெரியாது, காய்ச்சல் ஏறும், இதயத் துடிப்பு மிகும். வைத்தியமின்றி விட்டால் இந்நிலையில் உயிர் போவது அரிதன்று. காலத்தில் வைத்தியம் செய்தால் பெரும்பாலோர் பிழைப்பர். அவர் கோட்டின்மேல் ஒவ்வொரு மணியாகக் குறித்துக்கொண்டு போகையில், நான் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டேன். வெள்ளி, சனி, ஞாயிறு என்று அந்தக் கோட்டை நான் முன்பே அறிந்திருந்தேன்.

நினைவிழப்பின் காரணத்தையும் அவரே சொன்னார். நெடுநாள் குடிப்பவர் சரியாக உண்பதில்லை; உண்டதிலும் தயமின் என்னும் வைட்டமின் பி-1 உடலிற் சேர்வதில்லை. அது வற்றிய மூளை முதலில் தடுமாறும். கண்கள் நிலைகொள்ளா, நடை தள்ளாடும். அந்த வேளையில் தயமின் ஊசி கொடுத்தால் பெரும்பாலும் மீளலாம். கொடாவிடில் நினைவாற்றல் நிலையாகக் கெட்டுவிடும். மயங்கியவருக்கு குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின் கொடுக்க வேண்டும் என்பது வைத்தியர் அனைவரும் அறிந்த விதி. விலையுயர்ந்த மருந்தன்று. எங்கள் கடையிற் குறைந்த அரை மூட்டைச் சர்க்கரையின் விலையில் எத்தனையோ பேருக்குப் போட்டிருக்கலாம்.

இடைவேளையில் ஒரு கிளைச் சிறைக் காவலர், வயதானவர், என்னருகே நின்று தேநீர் அருந்திக்கொண்டிருந்தார். "எங்களுக்கு இதை இருபது வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டும் சார், எத்தனை பேரை அடித்து அடக்கியிருக்கிறோம்" என்றார். அவர் வேறு ஊர்க்காரர். அவரிடம் நான் என் கதையைச் சொல்லவில்லை.

கைது செய்யப்பட்டவரை மருத்துவ அலுவலர் பரிசோதிக்க வேண்டும் என்பது புதிய விஷயமன்று. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 53-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. ஆனால் பரிசோதனை பெரும்பாலும் உடலில் காயம் உண்டா என்று பார்ப்பதோடு முடிந்துவிடுகிறது என்றார் மருத்துவர். நாள்தோறும் குடிப்பவரா, கடைசியாகக் குடித்தது எப்போது, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததுண்டா என்ற மூன்று கேள்விகளை நிலைய எழுத்தர் கேட்டு எழுதிவிட்டால் போதும். காவலருக்கு எந்த நாளில் எதை எதிர்பார்ப்பது என்று தெரிந்துவிடும். மூன்றாம் கேள்விக்கு விற்பனையாளரின் மனைவி விடை சொல்லியிருப்பார். அதற்கு முந்தைய கார்த்திகையில் அவர் ஐயப்பனுக்கு மாலை போட்டுக் குடியை நிறுத்தியிருந்தார். இரண்டாம் நாள் வலிப்பு வந்தது. தெய்வக் குற்றம் என்று எண்ணி மாலையைக் கழற்றிவிட்டார்களாம். இதை அந்த அம்மையார் என்னிடம் சொன்னது, எல்லாம் நடந்து முடிந்த பிறகு. அவரை முன்பே கேட்டவர் யாரும் இல்லை.

பிற்பகலில் விஷச் சாராயம் பற்றிய பாடம். 2023 மே மாதத்தில் விழுப்புரம், செங்கற்பட்டு மாவட்டங்களில் இருபதுக்கு மேற்பட்டோரும், 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கு மேற்பட்டோரும் மாண்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இரண்டிலும் கொன்றது மெத்தனால். அது நாவுக்குச் சாராயம் போலவே இருக்கும், போதையும் தரும். ஈரல் அதைச் சிதைக்கும்போது முதலில் பார்மால்டிஹைடும், பின்பு பார்மிக் அமிலமும் உண்டாகின்றன. கண் நரம்பை எரிப்பதும் இரத்தத்தை அமிலமாக்குவதும் இந்தப் பார்மிக் அமிலமே. இவ்வாறு மாறுவதற்குப் பெரும்பாலும் பன்னிரண்டு முதல் இருபத்துநான்கு மணி நேரம் ஆகும். நல்ல சாராயமும் கலந்து குடித்திருந்தால் இன்னும் தாமதமாகலாம். இந்தத் தாமதமே மக்களை ஏமாற்றுகிறது. குடித்த இரவு நன்றாக உறங்குகிறான். மறுநாள் வயிற்றுவலி, வாந்தி. இராத்திரிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று மோர் குடிக்கிறான். பிறகு கண் மங்குகிறது, எங்கும் வெண்பனி மூடினாற்போல் தெரிகிறது.

ஆகையால் பயிற்சியில் மிக அழுத்தமாகச் சொல்லப்பட்டது இது: ஒருவருக்குக் கண் மங்கினால், அவரோடு அதே இடத்தில் வாங்கிக் குடித்த அனைவரையும், நலமாக இருப்பதாகச் சொல்பவரையும், அப்போதே 108 வண்டியில் ஏற்ற வேண்டும். மருத்துவமனையில் அதற்கு முறிவு உண்டு. மெத்தனாலைச் சிதைக்கும் நொதியைத் தடுப்பதற்கு போமிபிசோல் என்னும் மருந்தையோ, அளவறிந்து எத்தனாலையோ கொடுக்கின்றனர். இரத்தத்தின் அமிலத்தைப் போக்குகின்றனர். தேவையானால் டயாலிசிஸ் செய்து விஷத்தை வெளியேற்றுகின்றனர். (இதைக் கேட்டு, விஷச் சாராயத்துக்குக் கடைச் சாராயம் மருந்து என்று வீட்டில் ஊற்றிக் கொடுக்க முற்படுதல் கூடாது, அளவு தவறினால் கேடே மிஞ்சும்.) ஒரு சுகாதாரச் செவிலியர் எழுந்து, "போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்து வீட்டிலேயே படுத்துக்கொள்கிறார்களே, ஐயா" என்றார். அறையில் இருந்த போலீஸார் சற்று நேரம் பேசவில்லை. பின்பு ஓர் உதவி ஆய்வாளர், விற்றவனைப் பிடிப்பது எங்கள் வேலை, குடித்தவன் பிழைத்தால்தான் எங்களுக்குச் சாட்சியும் கிடைக்கும் என்றார். அந்த ஒரு வாக்கியத்தை ஒவ்வொரு கிராமத்திலும் போலீஸாரே போய்ச் சொன்னால் எவ்வளவோ பயன் உண்டு என்பது என் அபிப்பிராயம்.

இரண்டாம் நாள் முற்பகல் முழுவதும் கஞ்சா, அபின், மாத்திரைகள், எடை அளவுகள், பறிமுதல் பொட்டலங்களின் படங்கள் என்று கழிந்தது. போலீஸாருக்கு அது தேவையாயிருக்கலாம். எங்கள் ஊர்களில் குடும்பங்களைச் சாய்ப்பது இன்னமும் மதுவே. அதற்கு இன்னொரு முற்பகல் ஒதுக்கியிருக்கலாம். எனினும் ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் விளக்கிய சில பிரிவுகள் நம் அங்கத்தினர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டியவை. 1985-ஆம் ஆண்டுப் போதைப் பொருள் சட்டத்தின் 64-ஏ பிரிவின்படி, சொந்த உபயோகத்துக்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ பிடிபட்ட, பழக்கத்துக்கு அடிமையான ஒருவர், தாமே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் முழுச் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். பாதியில் விட்டுவிட்டால் விலக்கு ரத்தாகலாம். 39-ஆம் பிரிவின்படி, தண்டனைக்குப் பதிலாக அவர் சம்மதத்தோடு பிணைப்பத்திரம் பெற்றுச் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. மகன் பிடிபட்டான் என்றதும் தரகரைத் தேடி ஓடி, நகையை அடகு வைக்கும் பெற்றோர் இவ்விரு பிரிவுகளைப் பற்றி முதலில் வக்கீலிடம் கேட்க வேண்டும். போதைப் பழக்கத்துக்கு ஆளானோருக்குச் சட்ட உதவி செய்யவென்றே தேசிய சட்டப் பணிகள் ஆணையம் 2015-இல் திட்டம் ஒன்றை வகுத்திருக்கிறது. தாலுகா நீதிமன்றத்தில் உள்ள சட்ட உதவிக் குழுவில் பணம் இன்றி ஆலோசனை பெறலாம். மதுவுக்கு இப்பிரிவுகள் பொருந்தா. குடித்துவிட்டுப் பொது இடத்தில் தொல்லை தருதற்கு புதிய நியாய சன்ஹிதாவின் 355-ஆம் பிரிவில் இருபத்துநான்கு மணி வரை காவல் அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், இல்லையேல் சமூகத் தொண்டு என்று இருக்கிறது. சமூகத் தொண்டு புதிது. அதை எங்கே, எப்படிச் செய்விப்பது என்பதில் எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் வேலை இருக்கக்கூடும்.

அன்று பிற்பகலில் பேசியவர் ஆலோசகர் ஒருவர். பதினைந்து ஆண்டு குடித்து, பன்னிரண்டு ஆண்டாக விட்டிருப்பவர். உலக சுகாதார நிறுவனம் 1989-இல் வெளியிட்ட பத்து வினாக்களைத் தமிழில் எங்களுக்குக் கொடுத்து, ஒருவரையொருவர் கேட்கச் சொன்னார். எத்தனை நாளுக்கு ஒரு முறை, ஒரு வேளைக்கு எவ்வளவு, நிறுத்த முடியாமற் போனதுண்டா, காலையில் எழுந்ததும் தேவைப்பட்டதுண்டா, பிறர் கவலைப்பட்டதுண்டா என்பன போன்றவை அவை. மொத்தம் நாற்பது மதிப்பெண். எட்டைத் தொட்டால் ஆபத்து தொடங்கிவிட்டது. இருபதைத் தொட்டால் வைத்தியரைக் காண வேண்டும். என்னை வினவிய ஏட்டு மிகுந்த கூச்சத்தோடு வினவினார். நான் அவரை வினவியபோது அவருடைய கூட்டுத்தொகை பதினான்கு. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அப்பத்து வினாக்களை வைத்துக்கொண்டு பேசுவதற்குப் பட்டம் வேண்டியதில்லை என்பதற்கு ஆலோசகர் கோவாவை எடுத்துக் காட்டினார். அங்கே ஆரம்ப சுகாதார நிலையங்களில், மனநலப் படிப்பு ஏதும் இல்லாத சாதாரண மக்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்றி, தீங்கு தரும் அளவில் குடிக்கும் ஆடவரோடு சில தடவை அமர்ந்து பேசச் செய்தனர். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, அவ்வாறு பேசப்பட்டவர்களில் 100-க்கு 36 பேர் தீங்கான குடியிலிருந்து விலகியிருந்தனர். வழக்கமான வைத்தியம் மட்டும் பெற்றவர்களில் 100-க்கு 26 பேர். 2017-இல் லான்செட் என்னும் மருத்துவ இதழில் இது வெளியாயிற்று. இவர்கள் முற்றும் அடிமையானவர்கள் அல்லர், பன்னிரண்டு முதல் பத்தொன்பது வரை மதிப்பெண் பெற்றவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. நடுநிலையில் இருப்பவரை ஊராரே திருப்பலாம். கடைசி நிலையில் இருப்பவரை மருத்துவமனையில் வைத்தே நிறுத்த வேண்டும். வீட்டில் பூட்டி வைத்து நிறுத்த முயல்வது என் விற்பனையாளரின் கதையாகவே முடியும்.

ஆனால் அந்தக் கடைசி நிலையில் இருப்போருக்கு வைத்தியம் கிடைக்கிறதா? 2019-இல் வெளியான தேசிய ஆய்வு, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றதாகக் கூறுகிறது. கிராமத்தானுக்கு இரண்டு வாரம் நகரத்தில் தங்கக் கூலியும் இல்லை, துணையும் இல்லை. இதற்கு நம் நாட்டிலேயே ஒரு வழி கண்டிருக்கிறார்கள். 1980-இல் திருமதி சாந்தி ரங்கநாதன் சென்னையில் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் ஆராய்ச்சி நிலையத்தார், திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடி கிராமத்தில் முகாம் அமைத்து, ஊரார் ஒத்துழைப்போடு அங்கேயே குடிநோயாளருக்குச் சிகிச்சை அளித்தனர். நோயாளி நகரத்துக்குப் போகவில்லை. வைத்தியம் ஊருக்கு வந்தது. விதையும் உரமும் கடனும் ஊருக்கே வர வேண்டும் என்று நூறாண்டுக்கு மேலாகச் சொல்லி வரும் நமக்கு இதன் நியாயம் விளங்காமல் இராது.

கூட்டுறவுக்கும் குடிக்கும் சம்பந்தம் என்ன என்று கேட்ட நண்பருக்குப் பழைய வரலாறு ஒன்றும் உண்டு. 1937 அக்டோபர் முதல் தேதி, ராஜாஜி முதன்மந்திரியாக இருந்தபோது, சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு தொடங்கிற்று. கள் வரும்படி நின்றதால் ஏற்பட்ட நஷ்டத்தை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரியும் வந்தது. கள் இறக்கித் தொழில் இழந்தோருக்காகப் பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்கப்பட்டன. பதநீரைக் காய்ச்சி வெல்லமாக்கி விற்றுப் பிழைக்க வகை செய்தனர். அன்று தடை போட்ட கையே மாற்றுப் பிழைப்புக்கும் வழி தேடிற்று. அதன்பின் மதுவிலக்கு நீங்கியதும், மீண்டதும், மீண்டும் நீங்கியதும், 1983-இல் அமைந்த அரசு வாணிபக் கழகமே 2003 முதல் சில்லறைக் கடைகளை நடத்தி வருவதும் யாவரும் அறிந்தவை. அவை பற்றி எழுதுதல் அரசு ஊழியனாகிய எனக்கு முறையன்று. வாசகர்கள் தாமே எண்ணிக்கொள்வார்கள்.

நான் எழுதக்கூடியது சங்கத்துக்குள் நடப்பதைப் பற்றி. ஓர் அங்கத்தினர் ஓராண்டில் ஐந்து முறை நகைக்கடன் வாங்கி, ஒவ்வொரு முறையும் சிறு சிறு நகையாக வைத்தால் கணக்கில் குற்றம் ஒன்றும் இராது. தணிக்கையில் நானும் கையொப்பமிட்டுவிடுவேன். அந்தக் கணக்கின் பின்னால் ஒரு பெண்ணின் கழுத்து வெறுமையாகி வருவதை மேஜைக்கு முன் இருக்கும் எழுத்தர் கண்டிருப்பார். அவர் கேட்டால் அது ஊர்வம்பாகிவிடும் என்று அஞ்சுகிறார். தனியறையில், கடன் தராமல் மிரட்டாமல், பெயரை வெளியில் விடாமல் கேட்பது எப்படி என்பதைத்தான் அந்த ஆலோசகர் எங்களை ஒரு மணி நேரம் நடித்துக் காட்டச் செய்தார். சிரிப்பாகத்தான் இருந்தது. என் சக ஆய்வாளர் குடிகாரராக நடித்தார். மிக நன்றாக நடித்தார். நான் அவரைக் கேட்ட முதல் கேள்வியே, "ஏன் குடிக்கிறாய்?" என்பது. "அது கேள்வி அன்று, குற்றச்சாட்டு" என்று என்னை நிறுத்தினார் ஆலோசகர். "ராத்திரி நன்றாகத் தூங்கினீர்களா என்று தொடங்குங்கள்" என்றார்.

நெசவாளர் சங்கங்களில் கூலிப் பட்டுவாடாவை மாலையில் ரொக்கமாகத் தராமல் முற்பகலில், நெய்தவர் கணக்கிலேயே செலுத்துவது நன்று. தறியில் இருப்பவர் மனைவியாயின் கூலி மனைவி கணக்குக்கே போக வேண்டும். இதைக் கடைப்பிடிக்காத சங்கங்களைப் பற்றி அங்கத்தினர்கள் எனக்கோ கைத்தறித் துறையினருக்கோ தயங்காமல் எழுதலாம். சிப்பந்தி ஒருவர் கை நடுங்க வேலைக்கு வந்தால் இருப்புக் குறையும் வரை காத்திராமல், தேசியப் போதை மீட்பு உதவி எண்ணாகிய 14446-க்குப் பேசிச் சிகிச்சைக்கு அனுப்பி விடுப்பும் தரலாம்.

பயிற்சியின் முடிவில் ஒரு குறையையும் சொல்லிவிட்டு வந்தேன். நிலையத்தில் எவரை விட்டால் வேலை கெடாதோ அவரையே இத்தகைய வகுப்புகளுக்கு அனுப்புகின்றனர். கைதியை இரவில் பார்த்துக்கொள்ளும் காவலர் வருவதில்லை. வந்த கிளைச் சிறைக் காவலர் நால்வரே. அடுத்த வகுப்பில் அவர்கள் எண்ணிக்கை கூடும் என்று வாக்களித்திருக்கின்றனர்.

தை மாதத்தில் என் சரகத்துச் சங்கம் ஒன்றின் நிர்வாகக் குழு, பொது நல நிதியிலிருந்து வழிச்செலவு கொடுத்து, நகைக்கடன் எழுத்தர் ஒருவரையும் நியாய விலைக் கடை விற்பனையாளர் ஒருவரையும் அடுத்த பயிற்சிக்கு அனுப்பத் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது. மற்றச் சங்கங்களும் பெயர்களை எனக்கு எழுதி அனுப்பினால் சேர்த்து அனுப்புகிறேன். விற்பனையாளரின் மனைவியிடமும் இதைச் சொன்னேன். தறியை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்து, "அந்தச் சிறைக்காரர்களும் வருவார்களா?" என்று மட்டும் கேட்டார். வருவார்கள் என்றேன். உள்ளேயிருந்து அவர் கணவர் எழுந்து வந்து, இருப்பெடுக்க வந்தீர்களா என்று கேட்டார்.